ஓய்வுக்காலப் பணம்: உதவியா, உரிமையா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், எஸ்டேட் ரைட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டறிக்கையைச் செயலாளர் வாசித்தபோது, பைத்துல்மாலிலிருந்து முதியோருக்கு வழங்கப்பட்ட மாதாந்திர உதவியைக் கேட்டு நாம் அனைவரும் மகிழ்ந்தோம். கொடுத்தவர்களின் பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் அந்தப் பட்டியலை நான் வேறொரு கண்ணால் பார்த்தேன். அதிலுள்ளோரில் சிலர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்கள். அவர்களுடைய செக்ரோலை எழுதிய கை என்னுடையது. அவர்கள் ஏழைகளாகப் பிறந்ததனால் மட்டும் நம்மிடம் வரவில்லை. அவர்கள் உழைத்துச் சேர்த்த பணம் உரிய காலத்தில் கைக்கு வராததனாலும் வந்திருக்கிறார்கள். எனவே, அரசின் சட்டங்கள் தொழிலாளிக்கு வழங்கும் ஓய்வுக்காலப் பலன்களும் நிவாரணத் தொகைகளும் நியாயமாக இருக்கின்றனவா என்பதை இன்று உங்கள் முன் வைத்துப் பேச விரும்புகின்றேன்.

ஒரு மூதாட்டியின் கேள்வி

நான் பணியாற்றிய தோட்டத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு சகோதரி இருந்தார். அவர் பணியில் சேர்ந்தபோது பெயரைப் பதிவு செய்தவன் நான். பெயருக்குப் பின்னால் வரும் ‘பீவி’ என்பதை எழுதாமல் விட்டேன். வயதைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை, முகத்தைப் பார்த்து உத்தேசமாக எழுதினேன். அன்று அது எனக்கு ஒரு நிமிட வேலை. அவர் ஓய்வு பெற்றபோது, ஆதார் அட்டையில் ஒரு பெயர், பி.எப். கணக்கில் ஒரு பெயர். இரண்டிலும் பிறந்த ஆண்டு வெவ்வேறு. அதைத் திருத்தப் பதினான்கு மாதங்கள் ஆயின.

கிராஜுட்டிப் பணமும் வரவில்லை. "பாடி வீட்டைக் காலி செய்யுங்கள், பிறகு பணம்" என்றது நிர்வாகம். "பணம் கிடைத்தால்தானே வேறு வீடு பார்க்க முடியும்" என்றார் அவர். அந்த இடைவெளியில் நமது ஜமாஅத் அவருக்கு மாத உதவி அளித்தது. முதல் மாத உறையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உறையைப் பிரிக்காமல் என்னைப் பார்த்து, "ரைட்டர் தம்பி, இது தர்மமா, என் பணமா?" என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். அந்தக் கேள்விதான் இன்றைய என் பேச்சின் பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் பதில் இருக்கின்றது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி 5,25,000 இந்திய வம்சாவளியினர் தாயகம் திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் இன்றும் வாழும் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் அந்த ஒப்பந்தத்தின் வழி வந்தவையே. அவர்கள் எடுத்துச் செல்லத்தக்க சொத்துக்களைக் குறிப்பிடும்போது, வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் அவ்வொப்பந்தம் அவற்றுள் சேர்த்துக் கூறியது. அதாவது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு அரசுகள் அந்தப் பணத்தைத் தொழிலாளியின் சொத்து என்று ஒப்புக்கொண்டன.

உச்ச நீதிமன்றமும் அவ்வாறே கூறியிருக்கின்றது. 1982 டிசம்பரில் நகாரா வழக்கில், ஓய்வூதியம் முதலாளியின் மனமுவந்த கொடை அன்று என்று தீர்ப்பளித்தது. 2013இல் ஜார்க்கண்ட் அரசுக்கும் ஜிதேந்திர குமார் ஸ்ரீவாஸ்தவாவுக்கும் இடையிலான வழக்கில், ஓய்வூதியமும் பணிக்கொடையும் ஊழியரின் சொத்து என்றும், சட்டத்தின் வழியின்றி அதைப் பறித்தலாகாது என்றும் உறுதி செய்தது. ஆகவே சொத்து என்பதில் ஐயமில்லை. அது எவ்வளவு, எப்போது, எவ்வளவு எளிதாகக் கைக்கு வருகின்றது என்ற மூன்றையும் வைத்தே நியாயத்தை அளக்க வேண்டும்.

எவ்வளவு?

தோட்டத் தொழிலாளி ஓய்வு பெறும்போது மூன்று வகைப் பணம் வர வேண்டும்.

முதலாவது வருங்கால வைப்பு நிதி. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடங்கியது. தொழிலாளி சம்பளத்தில் 12 சதவீதம் செலுத்துகின்றார். அது முழுவதும் வட்டியோடு அவருக்கே திரும்புகின்றது.

இரண்டாவது ஓய்வூதியம். முதலாளியின் பங்கிலிருந்து 8.33 சதவீதமும், மத்திய அரசின் பங்காக 1.16 சதவீதமும் 1995 நவம்பரில் தொடங்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கின்றன. பத்தாண்டு பணி முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது அதன் கணக்கு. இருபதாண்டு முடித்தவருக்கு இரண்டாண்டு கூடுதலாகச் சேர்க்கப்படும். உதாரணமாக, சராசரிச் சம்பளம் 10,500 ரூபாய், பணிக்காலம் 20 ஆண்டு என்றால், மாதம் 3,300 ரூபாய் வரும்.

இது இன்று ஓய்வு பெறுபவரின் கணக்கு. முன்னரே ஓய்வு பெற்றவர்களை நினைத்துப் பாருங்கள். மாதம் 2,000 ரூபாய் சம்பளத்தில், இத்திட்டத்தில் பத்தாண்டு மட்டும் இருந்து ஓய்வு பெற்றவருக்கு இந்தக் கணக்குப்படி 300 ரூபாய்கூட வராது. இத்தகையோருக்காகவே 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அது நல்ல காரியம். ஆனால் 2024இல் பத்தாண்டு நிறைந்தபோதும் அந்த ஆயிரம் ஆயிரமாகவே இருந்தது. இந்த ஓய்வூதியத்திற்கு அகவிலைப்படி கிடையாது. அரிசி விலையும் மருந்து விலையும் ஏறும், ஓய்வூதியம் ஏறாது.

இதனை வேறொன்றோடு ஒப்பிடுவோம். மத்திய அரசு ஊழியர்களுக்காக 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், பத்தாண்டு பணி முடித்து ஓய்வு பெறுபவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய் உறுதி செய்யப்பட்டுள்ளது. அகவிலை நிவாரணமும் உண்டு. அவர்கள் அதற்காகத் தம் சம்பளத்தில் 10 சதவீதம் செலுத்துகின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே அமைப்புடைய திட்டங்கள் அல்ல. ஆயினும், அதே பத்தாண்டு உழைப்பு ஓரிடத்தில் பத்தாயிரமாகவும், அட்டை கடிக்கும் தேயிலைக் காட்டில் ஆயிரமாகவும் மதிக்கப்படுவதை நியாயம் என்று என் மனம் ஏற்க மறுக்கின்றது. விலைவாசியோடு உயராத ஓய்வூதியம் ஆண்டுதோறும் குறைக்கப்படும் ஓய்வூதியமே ஆகும்.

மூன்றாவது பணிக்கொடை. நம் தோட்டங்களில் கிராஜுட்டி, சர்வீஸ் பணம் என்பார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அடிப்படைக் கணக்கு மாறவில்லை. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம். கணக்கிற்காக நாள் கூலி 400 ரூபாய் என்று கொள்வோம். முப்பதாண்டு உழைத்தவருக்கு 1,80,000 ரூபாய் வர வேண்டும். ஐந்தாண்டு பணி தேவை. ஆனால் பணியிலிருக்கும்போது இறந்தவரின் வாரிசுக்கு அந்த நிபந்தனை இல்லை. குறித்த கால ஒப்பந்தத்தில் உள்ளவர்க்கு ஓராண்டு முடித்தாலே உரிமை உண்டு என்பது புதிய சட்டத்தின் நன்மை.

எப்போது?

பணிக்கொடையை முப்பது நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். தொழிலாளி விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டுத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. தாமதித்தால் வட்டி தர வேண்டும். வட்டி கொடுப்பது முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டாயம் என்று 2003இல் கங்காஹனுமே கௌடா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நான் சொன்ன 1,80,000 ரூபாய் நான்காண்டு தாமதமானால், பத்து சதவீதத் தனிவட்டி மட்டும் 72,000 ரூபாய். எத்தனை பேர் அந்த வட்டியைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்? அசல் வந்தால் போதும் என்று கைநாட்டு வைத்துவிட்டு வருகின்றார்கள்.

தனியார் தோட்டங்களை மட்டும் குறை சொல்வது முறையன்று. தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்க 1968இல் அரசின் தேயிலைத் திட்டமாகத் தொடங்கப்பட்டு, பின்னர் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாகிய டான்டீயிலும், ஓய்வு பெற்றவர்கள் பணப்பலன்களுக்குக் காத்துக் கிடந்தார்கள். குடியிருப்பைக் காலி செய்யும்படியும் கேட்கப்பட்டார்கள். 2022ஆம் ஆண்டில் கழகத்தின் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பி அளிக்க முடிவு செய்யப்பட்டபோது அச்சம் இன்னும் பெருகிற்று. போராட்டங்களும் கோரிக்கைகளும் எழுந்த பின், ஓய்வுக்காலப் பலன்களுக்கும், வீட்டுத் திட்டத்தில் தொழிலாளி செலுத்த வேண்டிய பங்கிற்கும் தமிழக அரசு தன் நிதியிலிருந்து ஒதுக்கீடு செய்வதாக அறிவித்தது. அதற்காக அரசைப் பாராட்டுவோம். ஆனால் மாதந்தோறும் சேர்த்து வைத்திருக்க வேண்டிய பணத்தைக் கடைசியில் சிறப்பு ஒதுக்கீடாக அறிவிக்க நேர்ந்ததே குறையல்லவா?

தேயிலைத் தொழிலாளியின் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதற்கு இன்னுமோர் உதாரணம். நலிந்து கைவிடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர்களுக்காக 2006இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. 2010இல் உத்தரவு கிடைத்தது. உத்தரவு நிறைவேறவில்லை என்று அவமதிப்பு வழக்கு நடந்தது. அஸ்ஸாமின் 25 தோட்டங்களைச் சேர்ந்த 28,000க்கும் மேற்பட்டோருக்கு 645 கோடி ரூபாய் தர வேண்டும் என்ற தீர்ப்பு 2023 பிப்ரவரியில்தான் வந்தது. பதினேழு ஆண்டுகள்! இத்தனை காலத்தில் பணத்தை எதிர்பார்த்தவர்களில் எத்தனை பேர் கபரிலும் சுடுகாட்டிலும் ஓய்வு பெற்றார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

வீடும் பணமும்

மலைத் தோட்டத்தின் தனிக் கஷ்டம் வீடு. நகரத் தொழிலாளி ஓய்வு பெற்றால் வேலை போகும். தோட்டத் தொழிலாளிக்கு வேலையோடு வீடும் போகும். 2024இல் திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலைத் தோட்டத்தில் விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டபோதும், தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டை விட்டு எங்கே போவது என்ற கேள்விதான் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. நீலகிரியில் ஒரு சென்ட் நிலத்தின் விலை என்ன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டைக் காலி செய்யாதவரின் பணிக்கொடையை நிறுத்தி வைக்கலாமா, வாடகையைக் கழிக்கலாமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை. எனவே யாருக்கும் பொய்யான நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. நிர்வாகத்தின் தரப்பையும் மறுக்கவில்லை. புதிதாகச் சேர்பவருக்கும் வீடு வேண்டும். 1990களின் இறுதியில் தொடங்கிய தேயிலை விலை வீழ்ச்சியை நாம் அனைவரும் அனுபவித்திருக்கிறோம். ஆனால் ஒரு தொழிலாளி எப்போது ஓய்வு பெறுவார் என்பது அவர் சேர்ந்த நாளிலேயே தெரிந்த செய்தி. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் குழுப் பணிக்கொடைத் திட்டம் போன்ற வழிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் சிறிது செலுத்தி வந்தால், விலை வீழ்ந்த ஆண்டிலும் முதியவரின் பணம் பத்திரமாக இருக்கும். முன்கூட்டித் தெரிந்த கடனுக்கு நஷ்டத்தைக் காரணம் காட்டலாகாது.

நிவாரணம் வேறு, நிலுவை வேறு

நிவாரணத் தொகைகளைப் பற்றியும் சில வார்த்தைகள். ஆதரவற்ற முதியோருக்குத் தமிழக அரசு வழங்கும் உதவித்தொகை 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மத்தியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்க்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான். எஞ்சியதை மாநிலமே சுமக்கின்றது. இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். சம்பளத்தோடு இணைந்த திட்டத்தில் பங்கு செலுத்தப்பட்ட தொழிலாளிக்குக் குறைந்தபட்சம் ஆயிரம். எதுவும் செலுத்தாதவர்க்கு ஆயிரத்து இருநூறு. ஏழைக்கு அளிப்பதை நான் குறை கூறவில்லை. அது இன்னும் கூட வேண்டும். உழைத்தவனுக்கு உரியது உதவித்தொகையை விடக் கீழே போகலாகாது என்பதே என் வாதம்.

2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். 2024 ஜூலை 30 அன்று, நமக்கு அடுத்துள்ள வயநாட்டில் சூரல்மலை, முண்டக்கை மக்கள் நிலச்சரிவில் மாண்டனர். அங்கே உயிர் பிழைத்தோருக்குப் புது நகரியம் கட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தை அரசு எடுத்தபோது, அத்தோட்டத் தொழிலாளர்கள் முன்வந்து, எங்கள் நிலுவைப் பணத்தை முதலில் தாருங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். ஒருவரின் துயரைத் துடைக்கும்போது மற்றொருவரின் கூலி மறக்கப்படலாகாது என்றே கேட்டார்கள். நிவாரணம் சமுதாயத்தின் கருணை. நிலுவை தொழிலாளியின் சொத்து. முன்னதைக் கொடுத்துப் பின்னதை மறக்கச் செய்வது நியாயமாகாது.

நாம் செய்யக் கூடியவை

சட்டத்தை மாற்றும் வல்லமை நம் ஜமாஅத்திற்கு இல்லை. ஆனால் சட்டம் தந்திருப்பதை வாங்கித் தர நம்மால் முடியும். இதற்காகச் சில யோசனைகளை நிர்வாகக் குழுவின் முன் வைக்கின்றேன்.

1. ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆ தொழுகைக்குப் பின், படித்த இளைஞர்கள் இருவர் பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்து, ஆதார், வங்கிக் கணக்கு, பி.எப். பதிவு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்துத் தர வேண்டும். ஓய்வுக்குப் பின் அல்ல, பணியில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். எம்மதத்தவர் வந்தாலும் செய்ய வேண்டும். ஒரே பாடியில் வாழ்ந்தவர்கள் நாம்.

2. வாரிசு நியமனப் படிவம் கொடுக்கப்பட்டுள்ளதா என்று விசாரிக்க வேண்டும். பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்திற்கு வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டுத் தொகையும் உண்டு என்பது பல விதவைகளுக்குத் தெரியாது.

3. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் தரும் வாழ்நாள் சான்றுக்கு உதவ வேண்டும். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்பதில்லை. முகத்தைப் படம் பிடித்துச் சான்று பெறும் முறை இப்போது கைபேசியிலேயே உள்ளது.

4. பணிக்கொடை தாமதமானால், தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரிக்கு வட்டியும் கேட்டு மனு எழுதித் தர வேண்டும். அவர் உத்தரவிட்டும் முதலாளி தராவிட்டால், மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

5. தினக்கூலிகளும் சுமை தூக்குவோரும் ஓட்டுநர்களும் மாநில அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பிக்க நினைவூட்ட வேண்டும்.

நம் வீட்டிலிருந்து தொடங்குவோம்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் அமர்ந்தால் நான் நேர்மையாளன் ஆகமாட்டேன். இவ்வளவு நேரம் அரசையும் தோட்டங்களையும் கேள்வி கேட்டோம். நமது பள்ளிவாசலில் வைகறையில் பாங்கு சொல்லும் முஅத்தின் அவர்களுக்கும், மக்தப் மத்ரஸாவில் நம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுக்கும், கபரஸ்தானைப் பராமரிக்கும் ஊழியருக்கும் ஓய்வுக்காலத்திற்கென நாம் என்ன வைத்திருக்கிறோம்? வயதான உலமாக்களுக்கு வக்ஃபு வாரியத்தின் வழி ஓய்வூதியத் திட்டம் இருக்கின்றது. உலமாக்கள், பணியாளர்கள் நல வாரியமும் 2009இல் அமைக்கப்பட்டது. அவை போக, நம் கையால் என்ன செய்தோம்? விடை பெறும் நாளில் சால்வை போர்த்தி, ஒரு உறையில் வசூல் பணத்தைக் கொடுக்கின்றோம். அதுவும் தர்மமாகவே கொடுக்கின்றோம்.

பணிக்கொடைச் சட்டம் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திற்குத்தான் பொருந்தும் என்று சிலர் சொல்லலாம். சட்டத்திற்கு எண்ணிக்கை உண்டு. நீதிக்கு எண்ணிக்கை இல்லை. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என்று மிம்பரிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, நமது ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியத்தைத் தனிக் கணக்கில் இட்டு, அதை வேறு எந்தச் செலவுக்கும் தொடாமல் வைத்து, ஓய்வு பெறும் நாளிலேயே கணக்கோடு ஒப்படைப்பது என்று இந்தப் பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமெனப் பணிவுடன் முன்மொழிகின்றேன். கடை வைத்திருப்போரும், சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்போரும் தம்மிடம் வேலை செய்பவருக்கு இதையே செய்யலாம்.

அந்த மூதாட்டிக்கு இறுதியில் பணம் வந்தது; வட்டி வரவில்லை. வீட்டைக் காலி செய்து மகள் வீட்டிற்குச் சென்றார். அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று இந்தச் சபையில் சொல்கின்றேன்: அம்மா, அன்று நான் தந்தது தர்மம், உங்களுக்கு வர வேண்டியிருந்தது உங்கள் பணம். இரண்டும் ஒன்றென்று எண்ணியது எங்கள் பிழை.

அப்பிழை நம் மஹல்லாவில் இனி நேராதிருக்க வல்ல இறைவன் அருள் புரிவானாக. ஆமீன்.